முக்கோணத்தின் சிவப்பு நுனி

1

இந்தக் கதையை நானாக எழுதவில்லை. கேட்டு வாங்கினார்கள்.

என் மகள் படிக்கும் பள்ளியில் ஆண்டு மலர் போடுகிறார்கள். அதில் 'அடுக்குமுறைக் கற்றல் ஆதரவு: ஒரு வெற்றிக் கதை' என்ற தலைப்புக்குக் கீழே ஒரு பக்கம் காலியாக இருந்தது. படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்கு மூன்று அடுக்குகளாக உதவி செய்யும் திட்டம் அது. திட்டம் இருந்தது, பக்கம் இருந்தது, வெற்றி மட்டும் வந்து சேரவில்லை. நான் எப்போதோ சிறுபத்திரிகைகளில் கதை எழுதியவன் என்று கேள்விப்பட்டு, திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க அனுபவத்தையே எழுதுங்க சார். ஒரு பக்கம் போதும். முடிவுல கொஞ்சம் நம்பிக்கை இருக்கட்டும்."

நம்பிக்கை எத்தனை வரி வேண்டும் என்று கேட்டேன். "ரெண்டு மூணு வரி வந்தா நல்லா இருக்கும்" என்றார். உண்மையாகவே சொன்னார்.

எழுதிப் பார்த்த தொடக்கங்களை மறைக்காமல் தருகிறேன்.

'அந்தச் சிறுமியின் கண்களில் முன்பெல்லாம் ஒரு ஒளி—' (இல்லை. வெளிச்சத்தில் நிறுத்தினால் எல்லாக் கண்களிலும் ஒளி இருக்கும்.)

'கல்வி என்பது ஒரு—' (எதுவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும்.)

'என் பக்கத்து வீட்டுக்காரரின் மகளுக்கு எட்டு வயது. அவளுக்கு வாசிக்க வரவில்லை.'

மூன்றாவது இரண்டு பக்கம் வரை ஓடியது. அதன் பிறகு அக்கா படித்துவிட்டாள். அக்கா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். வீட்டில் எந்த மேசையில் எது கிடந்தாலும் படிக்கும் உரிமை தனக்கு உண்டு என்று நினைப்பவள்.

"பக்கத்து வீட்டுல ஏதுடா பொண்ணு? ரெண்டும் பசங்கதானே" என்றாள்.

புனைவின் சுதந்திரம் பற்றி அக்காவிடம் பேச முடியாது. அவளுக்குப் பிடித்த கதைகளில் விலாசம் சரியாக இருக்கும். எனவே திருத்திவிட்டேன். அது என் மகள். எட்டு வயது என்பது உண்மை. வாசிக்க வரவில்லை என்பதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

2

திட்டத்தை விளக்காமல் கதை நகராது. பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு விளக்கியபோது நானும் பொறுத்துக்கொண்டேன்.

ஒருங்கிணைப்பாளரின் அறைச் சுவரில் ஒரு பெரிய முக்கோணம் ஒட்டியிருக்கிறது. அடிப்பாகம் பச்சை, நடுப்பாகம் மஞ்சள், நுனி சிவப்பு. பச்சை என்பது முதல் அடுக்கு, அதாவது எல்லோருக்கும் பொதுவான வகுப்பு. அதை ஒழுங்காக நடத்தினால் நூற்றுக்கு எண்பது பிள்ளைகளுக்கு அதுவே போதும். போதாதவர்களை மஞ்சளுக்குக் கூட்டிப்போவார்கள். ஐந்தாறு பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்துக் கூடுதல் பயிற்சி கொடுப்பார்கள். அதிலும் தேறாத நாலைந்து பேருக்குச் சிவப்பு. ஒரு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், தினமும். வாராவாரம் அளந்து பார்ப்பார்கள். தேறிவிட்டால் பச்சைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நான் லிஃப்ட் கம்பெனியில் இருக்கிறேன். மேலே, கீழே என்ற சொற்களில் எனக்குத் தொழில்முறை அக்கறை உண்டு. நன்றாகப் படித்தால் கீழே வருவாள், படிக்காவிட்டால் மேலே போவாளா என்று கேட்டேன்.

"மேல, கீழன்னு நாங்க சொல்றதில்ல சார். ஆதரவோட தீவிரம்னு சொல்றோம்."

அன்றிலிருந்து அவருக்கு நான் வைத்த பெயர் முக்கோணம் மேடம். இந்தக் கதையிலும் அதுதான் பெயர்.

[அக்காவின் ஆட்சேபம், பென்சிலில்: பாவம்டா அந்தம்மா. எல்லாத்தையும் கேலியாவே எழுதுற.]

நியாயம். திருத்திக்கொள்கிறேன். முக்கோணம் மேடத்துக்கு அந்த முக்கோணத்தில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தெரியும். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது அவரே போன் செய்து விசாரித்தார். அவர் அந்த மூன்று நிறங்களை மனதார நம்புகிறார். நம்புகிறவர்களைக் கேலி செய்வது கஷ்டம். என்னால் முடிந்ததைச் செய்கிறேன்.

திட்டமும் மோசமானது இல்லை. நான் படித்த காலத்தில் இரண்டே அடுக்குதான்: புரிந்தவர்கள், அடி வாங்கியவர்கள். அங்கே நிறம் எல்லாம் கிடையாது. மறுநாள் முதுகில் பார்த்துக்கொள்ளலாம்.

3

(இது அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது. அடியில் இடம் போதவில்லை.)

என் மனைவி சென்ற ஆண்டு இறந்துவிட்டாள். முதல் பிரதியில் இதை எழுதாமல் விட்டிருந்தேன். சிறுகதையில் பாத்திரங்கள் குறைவாக இருப்பது நல்லது என்று சொல்வார்கள்.

பள்ளியின் கோப்பில் என் மகளின் பக்கத்தில் 'வீட்டுச் சூழலில் மாற்றம்' என்று குறித்திருக்கிறார்கள். சோபாவை நகர்த்திப் போட்டால்கூட அப்படித்தான் எழுதுவார்கள் என்று நினைக்கிறேன்.

முக்கோணத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு எல்லாமே முக்கோணமாகத் தெரிகிறது. மனைவி போனவனுக்கும் மூன்று அடுக்கு ஆதரவு உண்டு. முதல் அடுக்கு பொதுவானது: "தைரியமா இருங்க." இது நூற்றுக்கு எண்பது பேருக்குப் போதுமானது, அதாவது சொல்கிற எண்பது பேருக்கு. இரண்டாம் அடுக்கு சிறு குழு. அலுவலகத்தில் நான்கு பேர் என்னை டீக்கடைக்கு அழைத்துப்போய், நடுவில் உட்காரவைத்து, தங்கள் வீட்டுக் கடன்களைப் பற்றிப் பேசினார்கள். நல்ல மனிதர்கள். மூன்றாம் அடுக்கு தீவிரமானது. இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கியது. வாராவாரம் அளக்கிறது: சாப்பிட்டானா, தூங்கினானா, சவரம் செய்தானா.

நான் தேறிவிட்டால் அக்கா தன் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் இன்னும் ஒழுங்காகச் சவரம் செய்வதில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று யாரும் ஆராயவில்லை.

4

இப்போது மகள். இந்தப் பாத்திரத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

தாயில்லாப் பெண் குழந்தையைக் கதைக்குள் கொண்டுவருவது மலிவான வேலை. வாசகர் முதல் வரியிலேயே கைக்குட்டையை எடுத்துவிடுவார். அதனால் மகனாக மாற்றிப் பார்த்தேன். மகன் அச்சாக என்னைப் போலவே இருந்தான், ஒரு பக்கத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. திரும்ப மகளாக்கிவிட்டேன்.

அவளை வீட்டில் வக்கீல் என்று கூப்பிடுவோம். ஆதாரம் இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டாள். பல் தேய்க்காவிட்டால் பூச்சி வரும் என்று அவள் அம்மா சொன்னால், வந்த பூச்சியைக் காட்டு என்பாள். சீக்கிரம் தூங்கினால் வளரலாம் என்று நான் சொன்னால், "அப்ப நீங்க ஏன் இன்னும் வளரல?" என்பாள்.

இதெல்லாம் முன்பு. 'மாற்றம்' வந்த பிறகு வழக்குகள் நின்றுபோயின. சொன்னதை எல்லாம் ஒப்புக்கொண்டாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். அக்கா இதை நல்ல பிள்ளையாகிவிட்டதாக நினைத்தாள். பள்ளியில் அப்படி நினைக்கவில்லை, அந்த அளவுக்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். எல்லாப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஒரு நிமிடம் உரக்க வாசிக்கச் சொல்லி, எத்தனை சொல் சரியாக வாசிக்கிறார்கள் என்று எண்ணுவார்கள். வக்கீல் ஒரு வரியைத் தாண்டவில்லை. மஞ்சள் மேசையில் உட்காரவைத்தார்கள். அங்கே எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது வாயை மட்டும் அசைத்தாள். சிவப்புக்குப் போனாள்.

'அவள் இதயத்தின் மௌனம்—' (கைவிட்டேன். நீங்கள் பார்க்கவில்லை.)

5

சிவப்பு நுனி என்பது ஒரு அறை. உடைந்த உலக உருண்டைகளையும் காற்றுப் போன பந்துகளையும் போட்டு வைத்திருந்த இடம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு சன்னல். பிள்ளைகள் சின்ன ரூம் என்பார்கள். அங்கே இருக்கும் ஆசிரியர் சின்ன ரூம் டீச்சர்.

வெற்றிக் கதைகளில் இந்த டீச்சர் மெழுகுவர்த்தியாக வருவார். நானும் எரிய வைக்க முயன்றேன், பற்றவில்லை. இவர் காலையில் தாமதமாக வருகிறார், எந்நேரமும் வாயில் ஒரு மிட்டாய் போட்டுக்கொள்கிறார், பிள்ளைகளுக்கும் தருகிறார், பல் மருத்துவர்களுக்கு வேலை வேண்டாமா என்கிறார். கையெழுத்து கண்ணராவி.

அவர் பாடம் நடத்தும் முறைக்கு ஒரு தடித்த கையேடு உண்டு. முதல் நிமிடம் என்ன சொல்ல வேண்டும், பிள்ளை தவறு செய்தால் எந்தச் சொற்களால் திருத்த வேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது. டீச்சர் அதை ஒட்டித்தான் நடத்துகிறார். ஆனால் திறப்பதற்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்ன சேதி?" என்று கேட்பார். வக்கீல் சேதி சொல்வாள். சேதி முடிந்த பிறகுதான் பாடம்.

மாதங்கள் போயின. அளந்து அளந்து வரைந்த கோடு தரையோடு தரையாகப் படுத்துக்கிடந்தது. எங்கே தவறு என்று கண்டுபிடிக்க முக்கோணம் மேடம் ஒருநாள் சின்ன ரூமின் மூலையில் வந்து உட்கார்ந்தார். கண்டுபிடித்துவிட்டார். கையேட்டில் 'என்ன சேதி' இல்லை. நிறுத்தச் சொல்லிவிட்டார். நோய் எது, மருந்து எது என்று இவ்வளவு துல்லியமாக மாற்றிப் பிடிக்க நிறைய பயிற்சி வேண்டும்.

டீச்சர் இதைப் பள்ளி வாசலில் என்னிடம் சொன்னார். நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டேன்.

"நிறுத்திட்டேன் சார். கதவத் திறந்து வெச்சுப் பேசறத நிறுத்திட்டேன்."

6

(கதை இங்கேதான் திரும்புகிறது. விமர்சகர்கள் குறித்துக்கொள்ளவும்.)

அக்காவின் மூக்குக் கண்ணாடி உடைந்தது. அவளே அதன் மேல் உட்கார்ந்தாள். கதையில் நான் உட்கார்ந்ததாக எழுதச் சொல்கிறாள், மறுத்துவிட்டேன். புதுக் கண்ணாடி வரத் தாமதமானது. அக்காவின் பிரச்சினை என்னவென்றால், அவள் எட்டு வாட்ஸப் குழுக்களில் இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"வெதுவெதுப்பான நீரில் எலுமிச்சைச் சாறு கலந்து வெறும் வயிற்றில் அருந்திவர மூட்டு வலி, முதுகு வலி, மூச்சுத் திணறல், முடி உதிர்தல் அனைத்தும் முற்றிலும் குணமாகும், இதை ஐந்து பேருக்கு அனுப்பாவிட்டால் நீங்கள் ஒரு நல்ல மனிதர் இல்லை."

ஒரே மூச்சு. 'மூச்சுத் திணறல்' என்ற இடத்தில்கூடத் திணறவில்லை. எனக்கு வானொலி என்று தோன்றியது. எங்கள் வீட்டில் வானொலி இல்லை.

எட்டிப் பார்த்தேன். வக்கீல் அத்தையின் போனைக் கையில் வைத்துக்கொண்டு, சோபாவின் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்து, செய்தி வாசிப்பவளைப் போல முதுகை நிமிர்த்தி வாசித்துக்கொண்டிருந்தாள். அடுத்த குழு, அடுத்த செய்தி, யாருக்கோ பிறந்தநாள், யாருக்கோ ஆழ்ந்த இரங்கல். எல்லாவற்றுக்கும் அதற்குரிய குரல்.

அவள் குளிக்கப் போனதும் அக்காவிடம் கேட்டேன். எவ்வளவு நாளாக இப்படி வாசிக்கிறாள்?

"அவ எப்பவும் இப்படித்தாண்டா படிப்பா. கண்ணாடி உடையறதுக்கு முன்னாடியே என் போன அவதானே படிச்சிட்டு இருந்தா." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்குத் தெரியாதா?"

என் கையில் மகளின் பள்ளிச் சட்டை இருந்தது. மடித்து வைத்தேன்.

7

உரையாடல் எழுதுவது எனக்கு வராது. வேலையில் நாள் முழுக்கப் பேசுகிறேன். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து பொத்தானை அழுத்தினால் என் மேசையில் ஒலிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டும். எந்த மாடி, கூட யார், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள், மதியம் என்ன சாப்பிட்டீர்கள். நன்றாகப் பேசுகிறேன் என்று கம்பெனியில் பாராட்டியிருக்கிறார்கள்.

அதனால் கீழே வருவதைக் கேட்டபடி எழுதுகிறேன். அழகுபடுத்தவில்லை.

அவளைப் பால்கனிக்குக் கூப்பிட்டேன். துணிக் கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டே கேட்டேன்.

"அத்தை போன்ல இவ்ளோ வேகமா படிக்கற. ஸ்கூல்ல ஏன் படிக்கறதில்ல?"

எனக்கு ஒவ்வொரு கிளிப்பாக எடுத்துக் கொடுத்தாள்.

"மொதல்ல படிக்கவே பிடிக்கலப்பா. இப்ப வேகமா படிச்சா சின்ன ரூம்ல இருந்து அனுப்பிடுவாங்க. ஒரு அண்ணா நல்லா படிச்சான். அடுத்த நாளே அனுப்பிட்டாங்க."

"நல்லதுதானே?"

"அவன் அழுதான்."

சின்ன ரூமில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"டீச்சர் என்ன சேதின்னு கேப்பாங்க. நான் சொல்வேன்."

"என்ன சொல்வ?"

"எல்லாம். அம்மாவப் பத்தி. நீங்க என்ன பண்றீங்கன்னு. அத்தை கண்ணாடி மேல உக்காந்தது." கிளிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "டீச்சர் ரொம்பச் சிரிச்சாங்க."

"அதெல்லாம் என்கிட்டயும் சொல்லலாம்."

"சொன்னேனே. நீங்க 'ம்' சொன்னீங்க."

எப்போது என்று கேட்க நினைத்தேன். ஆதாரத்தோடு சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்ட நீங்க நிறையப் பேசுவீங்கன்னு அத்தை சொன்னாங்க" என்றாள். குற்றச்சாட்டு இல்லை. தகவல் சரியா என்று கேட்கிற குரல்.

"ம்" என்றேன்.

8

அந்த வாரமே பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. சிவப்பு அடுக்கிலும் இவ்வளவு காலம் அசையாத பிள்ளைக்கு அடுத்து என்ன என்று முடிவு செய்யும் கூட்டம். முக்கோணத்துக்கு மேலே நான்காவது நிறம் கிடையாது. நுனியைத் தாண்டினால் முக்கோணத்துக்கு வெளியேதான். நிபுணர்களிடம் அனுப்பி மதிப்பீடு செய்வார்கள். கற்றல் குறைபாடு என்று அவர்கள் எழுதிக்கொடுத்தால், வரும் ஆண்டில் வேறு பள்ளி. அது தேவைப்படும் பிள்ளைகளுக்கு நல்ல ஏற்பாடுதான். என் பிள்ளைக்குத் தேவை இல்லை. இது எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், எட்டு வாட்ஸப் குழுக்களுக்குத் தெரியும். பள்ளிக்கு மட்டும் தெரியாது.

சொன்னால் சின்ன ரூம் போகும். சொல்லாவிட்டால் பள்ளியே போகும்.

கூட்டத்துக்கு முன்பே முடிவுகளை எழுதி வைத்துக்கொண்டேன். எழுத்தாளனுக்கு இந்த ஒரு சலுகை உண்டு.

முதல் முடிவு ஆண்டு மலருக்கானது. டீச்சரின் அயராத உழைப்பால் சிறுமி ஒருநாள் கடகடவென்று வாசிக்கிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். சிவப்பிலிருந்து பச்சைக்கு வருகிறாள். நம்பிக்கை, மூன்று வரி. இதில் பொய் என்று பெரிதாக எதுவும் இல்லை.

இன்னொரு முடிவில் நான் வாயைத் திறப்பதில்லை. அதில் எனக்கு அனுபவம் இருக்கிறது. வக்கீல் நிபுணர்களையும் ஏமாற்றிவிடுகிறாள். வேறு பள்ளியில், எந்நேரமும் ஒரு டீச்சர் பக்கத்திலேயே உட்காரும் வகுப்பில் சேர்க்கிறார்கள். வழக்கில் அவளுக்கு முழு வெற்றி. மேல்முறையீடு செய்ய ஆள் இல்லை.

மூன்றாவதில் நான் உண்மையைச் சொல்கிறேன். அவள் பச்சைக்குத் திரும்புகிறாள். நல்ல மதிப்பெண் வாங்குகிறாள். நன்றாகப் படிக்கிற பிள்ளையை யாரும் தனியாக உட்காரவைத்து என்ன சேதி என்று கேட்பதில்லை, தேவையில்லை என்பதுதான் பச்சைக்கு அர்த்தம். கல்லூரிவரை போகிறாள். கேட்டதற்கெல்லாம் 'ம்' என்கிறாள். யாரைப் போல என்று உறவினர்கள் வியக்கிறார்கள்.

நான்காவது முடிவில் நான் திருந்தி, மாலையில் வீடு வந்ததும் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கலகலப்பாக—

[அக்கா, பென்சிலில்: யாரு, நீயா?]

கைவிட்டேன்.

9

கூட்டத்துக்கு நான்கு பேர். முக்கோணம் மேடம், சின்ன ரூம் டீச்சர், நான், வக்கீல். மேசைக்கு ஒரு பக்கம் வக்கீல் தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிர்ப்பக்கம் நாங்கள் மூவரும். யார் அப்படிப் போட்டார்கள் என்று தெரியவில்லை. உள்ளே வந்ததும் எனக்குக் காட்டிய இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

முக்கோணம் மேடம் படுத்துக்கிடந்த கோட்டைக் காட்டினார். மெதுவாக, நல்ல சொற்களாகப் பார்த்து விளக்கினார். மதிப்பீடு என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்றார். எனக்குத் தண்ணீர் நகர்த்தி வைத்தார். டீச்சர் நிறுத்துக் கடிகாரத்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அன்று வாயில் மிட்டாய் இல்லை.

"வீட்ல எப்படி சார் வாசிக்கறா?"

"வீட்ல—" என்றேன்.

காகிதத்தில் என்றால் அந்த வாக்கியத்தை அடைப்புக்குறிக்குள் போட்டு, கைவிட்டேன் என்று எழுதிவிடலாம். அறையில் மூன்று பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆளுக்கு எட்டு வயது.

முக்கோணம் மேடம் எனக்காகப் பரிதாபப்பட்டு, பரவாயில்லை, கடைசியாக ஒருமுறை இங்கேயே வாசிக்கச் சொல்லிப் பார்த்துவிடலாம் என்றார். ஒரு தாளை வக்கீலின் முன்னால் வைத்தார். சந்தைக்குப் போன கழுதையைப் பற்றிய பாடம். டீச்சர் நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தினார்.

"ஒரு..." என்றாள் வக்கீல். நீண்ட இடைவெளி. "ஊரில்..." இடைவெளி. அருமையான நடிப்பு. அந்த 'ஊரில்' என்ற சொல்லைத் தூக்க முடியாமல் தூக்கினாள்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன். மேசையைச் சுற்றிப் போய், அவளுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். இதை நான் எந்த முடிவிலும் எழுதி வைத்திருக்கவில்லை.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். விரலை வைத்து, வாசிக்க ஆரம்பித்தாள். கழுதை வீட்டைவிட்டுக் கிளம்பியது, சலவைக்காரர் திட்டினார், பாலம் வந்தது, மழை வந்தது, எல்லாம் மடமடவென்று வந்தன. சலவைக்காரருக்கு ஒரு குரல், கழுதைக்கு ஒரு குரல். டீச்சர் கடிகாரத்தை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். முக்கோணம் மேடத்தின் பேனா, கோடு போட வேண்டிய இடத்துக்கு மேலே காற்றில் நின்றது.

பாதிப் பக்கத்தில் வக்கீல் நிறுத்தினாள். விரலை எடுக்கவில்லை.

"மேடம், ஒரு சந்தேகம்."

ஒரு வருடத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சந்தேகம்.

"கேளும்மா."

"இப்படிப் படிச்சா சின்ன ரூம்ல இருந்து அனுப்பிடுவீங்களா?"

"உனக்கு இனிமே அந்த உதவி தேவையே இல்லையேம்மா. நல்ல விஷயம்தானே?"

"யாருக்கு?"

முக்கோணம் மேடம் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சன்னலைப் பார்த்தார். சுவரில் மூன்று நிறங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன.

"எவ்ளோ நல்லா படிச்சா டீச்சர் என்கிட்ட பேச மாட்டாங்கன்னு சொல்லுங்க மேடம்" என்றாள் வக்கீல். "அதுக்கு ஒரு வார்த்தை முன்னாடி நான் நிறுத்திக்கறேன்."

10

அக்கா இதைப் படித்துவிட்டு, அப்புறம் என்ன ஆச்சு என்று எழுது என்கிறாள். அவளுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, என்ன ஆயிற்று என்பதும் தெரியும். எழுத்தில் பார்க்க வேண்டுமாம்.

எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கு ஒரு நிறம் பூசிவிடுவார்கள். ஆண்டு மலருக்கு மூன்று வரி நம்பிக்கை குறைகிறது. அந்த இடத்தில் பள்ளி மைதானத்தின் புகைப்படம் போட்டுக்கொள்ளலாம்.

கடிகாரத்தை யாரும் நிறுத்தவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது. வக்கீலின் விரல் தாளில் இருக்கிறது, அடுத்த சொல்லுக்கு மேலே. கேள்வியைக் கேட்டுவிட்டு, அவள் வாதத்தை முடித்துக்கொண்டாள். பதில் வர வேண்டியது மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து.

வாசகரே, நீங்கள் உள்ளே வரலாம். முக்கோணம் மேடத்தின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள், உங்களுக்கும் அவரைப் போலவே வேறு வழி தெரியாமல் போகலாம். டீச்சரின் இடத்தில் உட்காருங்கள், கையேட்டைப் புரட்டுங்கள், இந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் என்று தேடுங்கள். நிபுணராக வேண்டுமானாலும் வாருங்கள். என்ன பதில் தோன்றுகிறதோ அதை அவளிடமே சொல்லுங்கள், ஆதாரம் கேட்பாள், தயாராக இருங்கள்.

அவளுக்குப் பக்கத்து நாற்காலியை மட்டும் இழுக்காதீர்கள்.

அதில் ஆள் இருக்கிறது.